பாய்ச்சல் முடிந்ததா?

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓர் ஆடுபுலிக் கட்டம் இருந்தது. சிமெண்ட் ஈரமாக இருந்தபோதே யாரோ ஆணியால் கீறிவிட்டது. கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. புலி மூன்று, கருங்கல் சில்லு. ஆடு பதினைந்து, புளியங்கொட்டை. ஒரு கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பையன் என்னோடு ஆட உட்கார்ந்தான். அவன் புலி, நான் ஆடு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: புலிகள் முதலில் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து அந்த ஆட்டை வெட்டலாம். மூன்று புலிகளும் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார்.

அவன் புலி என் ஆடு ஒன்றைத் தாண்டியது. செத்த புளியங்கொட்டையை எடுத்து ஓரமாக வைத்தான். புலி போய் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆடு, அதற்கு அடுத்த புள்ளி காலி. ஆபத்து தெரிந்தது. சட்டென்று கையிலிருந்த ஆட்டை அந்தக் காலிப் புள்ளியில் வைத்தேன்.

“டேய், நான் இன்னும் முடிக்கல. ரெண்டாவது பாய்ச்சல் இருக்கு.”

“ஆட்டை எடுத்து வெளியே வச்சிட்டல்ல? அப்ப என் கை.”

“எங்க வீட்ல தொடர்ந்து பாயலாம்.”

“எங்க வீட்ல ஒரு கைக்கு ஒரு பாய்ச்சல்தான்.”

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆடுபுலிக்கு அச்சிட்ட விதிப்புத்தகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு ஒரு பதிப்பு. எங்கள் சண்டை பாய்ச்சலைப் பற்றியதாகத் தோன்றினாலும் உண்மையில் அது நேரத்தைப் பற்றியது. ஒருவரின் முறை எந்தக் கணத்தில் முடிகிறது? புலி தரையிறங்கியபோதா, செத்த ஆட்டை எடுத்தபோதா, விரல் புலியை விட்டபோதா?

உள்ளே தறியில் இருந்த தாத்தா சத்தம் கேட்டு வெளியே வந்தார். அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், பல வருஷம் கழித்து பெங்களூரில் ஒரு மொட்டைமாடி அறையில் இதே சண்டையை நான் மறுபடி போட்ட கதையையும், அந்தச் சண்டைக்கு இருநூறு வருஷ வரலாறு இருப்பதையும் சொல்ல வேண்டும்.

*

பெங்களூரில் நண்பர்கள் சிலர் மினியேச்சர் போர் விளையாட்டு ஆடுவார்கள். கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். சாப்பாட்டு மேசையே போர்க்களம். கட்டம் கிடையாது, அளவு நாடாவை வைத்துத் தூரம் அளந்து நகர்த்த வேண்டும். யார் அடித்தது பட்டது என்பதைப் பகடை சொல்லும். விதிப்புத்தகம் நூறு பக்கத்தைச் சுலபமாகத் தாண்டும். அது போக ஒவ்வொரு வீரனுக்கும் தனிச் சலுகைகள் உண்டு.

அன்று என் தளபதிக்கு ஒரு சலுகை இருந்தது: கொல்லப்படும்போது கடைசியாக ஒரு வெட்டு வெட்டலாம். நண்பரின் வீரனுக்கும் ஒன்று இருந்தது: எதிரியைக் கொன்றதும் உடனே பின்வாங்கலாம். அவன் என் தளபதியைக் கொன்றான். நான் பகடையை எடுத்தேன், அவர் அளவு நாடாவை எடுத்தார். என் வெட்டு முதலில் என்றால் அவன் சாகக்கூடும். அவன் நகர்வு முதலில் என்றால் என் தளபதி காற்றைத்தான் வெட்டுவான். இரண்டு விதியும் தெளிவான வாக்கியங்கள். தனித்தனியாகப் படித்தால் ஒரு சந்தேகமும் வராது. இரண்டும் ஒரே கணத்தில் கதவைத் தட்டியபோதுதான் யாரை முதலில் உள்ளே விடுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அரை மணி நேரம் பேசினோம். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. இந்தச் சிக்கலை மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த இரவில்தான்.

*

நவீனப் போர் விளையாட்டு பிரஷ்யாவில் ஆரம்பிக்கிறது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு ஒரு மேசையைச் செய்து கொடுத்தார். மலை, ஆறு, சாலை எல்லாவற்றையும் சிறு ஓடுகளாக மாற்றி மாற்றி அடுக்கலாம். அரண்மனைப் பொழுதுபோக்காக இருந்த அதை ராணுவப் பயிற்சியாக ஆக்கியவர் அவருடைய மகன். மகன் 1824இல் வெளியிட்ட விதிகளில் மேசைக்குப் பதில் வரைபடம், ஓடுகளுக்குப் பதில் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள். ஆட்டத்தின் பெயர் கிரீக்ஸ்பீல், நேர்ப் பொருளில் ‘போர் ஆட்டம்’. தலைமைத் தளபதி முஃப்லிங் அதைப் பார்த்து அசந்துபோய் ராணுவம் முழுக்கப் பரிந்துரைத்தார்.

இளைய ரைஸ்விட்ஸின் முக்கியமான யோசனை நேரத்தைப் பற்றியது. சதுரங்கத்தில் நான் ஒன்று, நீ ஒன்று என்று மாறி மாறி நகர்த்துகிறோம். போர்க்களத்தில் யாரும் முறை வைத்துக் காத்திருப்பதில்லை. அதனால் அவர் ஒரு சுற்று என்பதை இரண்டு நிமிடப் போர் நேரமாக வகுத்தார். இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். கட்டைகளை நகர்த்துபவர் நடுவர். இரண்டு படைகள் ஒரே பாலத்துக்கு வந்தால் யார் முன்னால் வந்தார்கள், யார் யாரை முதலில் பார்த்தார்கள் என்பதை அவர் சொல்வார். சாவுக் கணக்குக்குப் பகடையும் அட்டவணையும் இருந்தன. ‘எப்போது’ என்ற கேள்விக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

காலப்போக்கில் அந்த அட்டவணைகள் பெருத்தன. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு விதி, அந்த விதியிலிருந்து இன்னொரு சந்தேகம். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி எதிர்த்திசையில் போனார். அட்டவணை வேண்டாம், போரைப் பார்த்த அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்றார். இதற்குச் ‘சுதந்திரமான’ போர் விளையாட்டு என்று பெயர் வந்தது. ராணுவத்துக்குள் இது சாத்தியம். நடுவர் மேலதிகாரி. அவரோடு யார் வாதாடுவது?

ஆட்டம் வீட்டுக்கு வந்தபோது மேலதிகாரி கூட வரவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். டைம் மெஷின் எழுதிய அதே வெல்ஸ். தரையில் முட்டி போட்டு, பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். அவர் நம்பியது கடிகாரத்தை. 30 வீரர்களுக்கு ஒரு நிமிடம், ஒரு பீரங்கிக்கு ஒரு நிமிடம் என்று நகர்வுக்கு நேரம் ஒதுக்கினார். நேரம் முடிந்தால் கை எடுக்க வேண்டும். நகராதது நகராததுதான். கடிகாரத்துக்கு எந்தப் பக்கமும் வேண்டியவர் கிடையாது. ஆனால் ஒருவரின் முறை எப்போது முடிகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். என் தளபதிக்கு அதனால் பயனில்லை.

1971இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விளையாட்டை வெளியிட்டார்கள். பின்னால் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது இதன் மடியில்தான். அதில் நகர்வுக்கு இரண்டு முறைகளைக் கொடுத்து, ஆடுபவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டார்கள். ஒன்றில் இருவரும் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் வந்தவர் முதலில் நகர்வதா, பிறகு நகர்வதா என்று தீர்மானிப்பார். இன்னொன்றில் இருவரும் கட்டளைகளை எழுதி வைத்து ஒரே சமயத்தில் நிறைவேற்ற வேண்டும். நடுவர் கிடைக்காத வீடுகளில் அந்த இடத்தில் பகடையோ காகிதமோ வந்து உட்கார்ந்தது.

*

பழைய ஆட்டங்களுக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. தாம்பலகை என்கிற டிராட்ஸ் ஆட்டத்தைப் பாருங்கள். வெட்டிய காயை எப்போது எடுப்பது? துருக்கிய முறையில் ஒவ்வொரு தாண்டலிலும் உடனுக்குடன் எடுத்துவிடுவார்கள். சர்வதேச முறையில் தொடர் பாய்ச்சல் முழுக்க முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும், அதுவரை செத்த காயும் பலகையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அதை மறுபடி தாண்டவும் கூடாது. இந்தத் தாமதத்தையே பொறியாக வைத்து எதிராளியை மாட்டவைக்கும் ஓர் உத்திக்குத் ‘துருக்கி வெட்டு’ என்று பெயர். காயை எடுக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டதில் முற்றிலும் வேறு ஆட்டம் பிறந்துவிட்டது. அந்தத் திண்ணையில் அவன் புளியங்கொட்டையை எடுத்து ஓரம் வைத்ததை நான் ‘முறை முடிந்தது’ என்று படித்தேன். துருக்கி ஆட்டக்காரர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் அவன் பக்கம் பேசியிருப்பார்.

சதுரங்கத்தில் ஒரு விநோத விதி உண்டு. சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாவலாம். ஆனால் அப்படித் தாவும்போது பக்கத்து எதிரிச் சிப்பாயை ஏமாற்றிக் கடந்தால், அது ஒரு கட்டம்தான் நகர்ந்தது போல நினைத்து எதிராளி வெட்டலாம். அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும், ஒரு முறை விட்டால் உரிமை போச்சு. சதுரங்கம் கற்கும் குழந்தைகள் எல்லோரும் “இது என்ன அநியாயம்” என்று கேட்கும் இடம் இது. ஆட்டத்தை வேகப்படுத்தச் சிப்பாய்க்கு இரண்டு கட்டம் கொடுத்தார்கள், அதனால் கிழிந்த இடத்தைத் தைக்க இந்த விதி வந்தது. பழைய இந்திய முறையில் சிப்பாய் ஒரு கட்டம்தான். தாவலும் இல்லை, தையலும் இல்லை. அந்த முறையில் ஆட்டம் கற்ற பஞ்சாபின் மீர் சுல்தான் கான் ஐரோப்பிய விதிகளைப் புதிதாகப் பழகிக்கொண்டு 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

ஆடுபுலிக்கு அப்படி ஒரு கூட்டமைப்பு அமையவில்லை. நம் ஊரில் விதி மனிதர்களிடம் இருந்தது. புறநானூற்றின் 52ஆம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. போரால் பாழான நாட்டில் ஊர்ப் பொதுமன்றம் வெறிச்சோடிக் கிடக்கிறது. நரைத்த கிழவர்கள் உட்கார்ந்து சூதாடி ஆடித் தேய்ந்த குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. மன்னனின் வீரத்தைச் சொல்ல வந்த பாட்டு அது. எனக்கு அந்தக் கிழவர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். “இது செல்லும், இது செல்லாது” என்று சொல்ல அந்த மன்றத்தில் எப்போதும் யாரோ ஒருவர் இருந்திருப்பார். போர் வந்தபோது ஆட்டத்தோடு நடுவர்களும் போய்விட்டார்கள்.

*

பிறகு வந்தவர்கள் நடுவரையும் பகடையையும் நம்பாமல் இலக்கணத்தை நம்பினார்கள். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தில் ஒரு சீட்டுக்கு எதிராக இன்னொரு சீட்டை நடுவில் இறக்கலாம். எது எதற்கு முன்னால் நடக்கும் என்ற குழப்பம் ஆறு வருஷம் நீடித்தது. 1999இல் எல்லாவற்றையும் ஓர் அடுக்காக மாற்றினார்கள். தட்டு மேல் தட்டு வைப்பது போல, கடைசியாக வைத்தது முதலில் எடுக்கப்படும். இருவரின் சலுகைகளும் ஒரே கணத்தில் கிளம்பினால் யாருடைய முறை நடக்கிறதோ அவருடையது அடுக்கில் முதலில் ஏறும்.

மினியேச்சர் உலகம் இவ்வளவு தூரம் போகவில்லை. வார்ஹாமர் 40,000 ஆட்டத்தின் 2017 பதிப்பில் இதற்கு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இருக்கிறது. இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் வந்தால் யாருடைய முறை நடக்கிறதோ அவர் வரிசையைத் தீர்மானிப்பார். ஆட்டம் தொடங்கும் முன்போ, ஒரு சுற்றின் தொடக்கத்திலோ முடிவிலோ, யாருடைய முறையும் இல்லாத நேரமாக இருந்தால் இருவரும் பகடை உருட்ட வேண்டும், ஜெயித்தவர் தீர்மானிப்பார். முந்தைய பதிப்புகளில் இதைவிட எனக்குப் பிடித்த ஒரு விதி இருந்தது. விதியின் பொருளிலேயே சண்டை வந்தால் ஒரு பகடையை உருட்டுங்கள். 1 முதல் 3 வரை வந்தால் ஒருவர் சொல்வது, 4 முதல் 6 வரை வந்தால் மற்றவர் சொல்வது. ஆட்டம் முடியும்வரை அதுதான் சட்டம். மிச்ச வாதத்தை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியவர்களே கடைசியில் பகடையிடம் வந்து நிற்பதைப் பார்த்து முதலில் சிரித்தேன். பிறகு புரிந்தது. ‘முறைக்காரர் தீர்மானிப்பார்’ என்பது நியாயமான விதி என்று நாம் ஒத்துக்கொள்வது ஏன்? அடுத்த சுற்றில் அந்த உரிமை நம் கைக்கு வரும். ஆட்டத்துக்கு முன் அதைப் படிக்கும்போது அதனால் யாருக்கு லாபம் என்று யாருக்கும் தெரியாது. தளபதி செத்த பிறகு படித்தால் அதே வாக்கியம் அநியாயமாகத் தெரிகிறது. அன்று இரவு நான் அரை மணி நேரம் வாதாடியது விதிக்காக இல்லை. தளபதிக்காகத்தான்.

*

‘யார் முதலில்’ என்ற கேள்வி எங்கள் ஊருக்குப் புதிதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் யாருக்கு என்ன உரிமை என்று தென்கலையாருக்கும் வடகலையாருக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்கு. பிரபந்தம் தொடங்கும் முன் தென்கலையார் மணவாள மாமுனிகளைப் போற்றும் ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’ தனியனைச் சொல்வார்கள். வடகலையார் வேதாந்த தேசிகரைப் போற்றும் ‘ராமானுஜ தயாபாத்ரம்’ சொல்வார்கள். முதல் அடியை எடுப்பது யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உற்சவ நாளில் சன்னதித் தெருவில் நின்றால் இரண்டு குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைக் கேட்டிருக்கிறேன்.

2022 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி இடைக்கால ஏற்பாடாக ஒரு வரிசையை வகுத்தார். முதலில் தென்கலையார் தங்கள் தனியன், அடுத்து வடகலையார் தங்கள் தனியன், பிறகு இரு தரப்பும் சேர்ந்து பிரபந்தம், முடிவில் அவரவர் வாழித் திருநாமம். செய்தித்தாளில் அதைப் படித்தபோது எனக்கு நேராக விதிப்புத்தகத்தின் அந்தப் பெட்டிச் செய்தி ஞாபகம் வந்தது. ஒரே கணத்தில் இரண்டு உரிமைகள், அவற்றுக்கு ஒரு வரிசை எண். ஆனால் அந்த உத்தரவோடு வழக்கு முடிந்துவிடவில்லை, மேலே போனது.

நம்பிக்கையை விளையாட்டோடு ஒப்பிடுவது சிலருக்கு உறுத்தலாம். எனக்கும் உறுத்தியது. வேறுபாடு பெரிது. மேசை ஆட்டத்தில் அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது, பக்கம் மாறி உட்காரலாம். இங்கே பக்கம் மாற முடியாது. எந்த வரிசை யாருக்குச் சாதகம் என்பது தலைமுறைகளாக எல்லோருக்கும் தெரியும். ஒத்தையா ரெட்டையா போட்டுப் பார்க்கும் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது. அதனால்தான் இங்கே நீதிமன்றம் தேவைப்படுகிறது, அது சொன்ன பிறகும் அமைதி வருவதில்லை.

அதே 2022 ஜூலை, ஆகஸ்டில், ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. காயைத் தொட்டால் நகர்த்த வேண்டும், ஷா-மாத் ஆன கணமே ஆட்டம் முடிந்தது, அதற்குப் பிறகு கடிகாரத்தில் நேரம் தீர்ந்தாலும் கணக்கில்லை. எல்லாம் முன்பே எழுதி, உலகம் முழுக்க ஒத்துக்கொண்டவை. அத்தனை நாட்டுக்காரர்கள் மொழி தெரியாமலே எதிரெதிரே உட்கார்ந்து ஆட முடிந்ததற்கு அதுவும் காரணம்.

*

தாத்தாவிடம் வருகிறேன்.

அவர் கோர்வைப் புடவை நெய்பவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் தறியிலேயே பின்னிக்கொண்டு போகும். அதற்கு மூன்று நாடா வேண்டும், இரண்டு பேர் வேண்டும். தாத்தா நெய்வார், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவார். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடிக்கும் இடத்தில் ஒருவர் முந்தினாலோ பிந்தினாலோ கோர்வை விட்டுப்போகும். அவர்கள் தறியில் பேசி நான் கேட்டதில்லை. எது முதலில் என்பதைப் பல வருஷங்களுக்கு முன்பே பேசி முடித்திருப்பார்கள்.

திண்ணைக்கு வந்தவர் கட்டத்தைப் பார்த்தார். இருவர் சொன்னதையும் கேட்டார்.

“ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதைப் பேசிக்கிட்டீங்களா?”

இல்லை என்றோம்.

“அப்ப இப்பப் பேசி என்ன பிரயோஜனம்? அவன் அவனுக்குத்தான் பேசுவான், நீ உனக்குத்தான் பேசுவே.”

வைக்காத புளியங்கொட்டைகளில் ஒரு கை அள்ளி மூடினார். அவனைப் பார்த்து, “விருந்தாளி நீ சொல்லு. ஒத்தையா, ரெட்டையா?”

“ஒத்தை.”

கையைத் திறந்தார். நான்கு.

“இந்த ஆட்டத்துக்கு ஒரு பாய்ச்சல். அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேசிக்குங்க.” சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

வார்ஹாமர் புத்தகத்தில் அந்தப் பகடை விதியைப் படித்தபோது இதே மூன்று வாக்கியங்கள் இருந்தன: குருட்டாம்போக்கில் ஒரு முடிவு, இந்த ஆட்டத்துக்கு மட்டும், மிச்சம் பிறகு. தாத்தா சொன்ன ‘முன்னாடி’ மட்டும் அதில் இல்லை. இப்போதெல்லாம் பெங்களூரில் ஆட்டம் ஆரம்பிக்கும் முன் டீ குடித்துக்கொண்டே பத்து நிமிஷம் பேசிவிடுகிறோம். உன் ஆள் செத்தால் என்ன, என் ஆள் கொன்றால் என்ன, ‘உடனே’ என்றால் எப்போது. புதிதாக வருபவர்களுக்கு இது சலிப்பாக இருக்கிறது. ஒரு தடவை தளபதி செத்தால் சலிப்பு போய்விடும்.

அந்தப் பையனோடு அடுத்த ஆட்டம் நடக்கவில்லை. நான் ஜெயித்த சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். அவன் பேசாமல் எழுந்து, பாய்ந்து நின்ற அந்தப் புலியை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று பாட்டி சொன்னார். அந்தக் கோடை முழுக்க எங்கள் திண்ணையில் இரண்டு புலி கருங்கல், மூன்றாவது புலி சோடா மூடி.